42 பேர் உள்ள வகுப்பில் குழுக் கற்றல்: ஒருவர் எழுத, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதை எப்படி மாற்றுவது?

சுண்ணக்கட்டி:

வணக்கம். எட்டாம் வகுப்பு, அறிவியல். 42 பிள்ளைகள், பெண்கள் 23, ஆண்கள் 19. மூன்று பேர் உட்காரும் பெஞ்சு 14. டெஸ்க்கும் பெஞ்சும் ஒரே இரும்புச் சட்டத்தில் இணைந்தவை என்பதால் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. பீரியட் 45 நிமிடம்.

பாடத்தை ஆறாகப் பிரித்து, ஏழு பேருக்கு ஒரு சார்ட் கொடுத்து, "பேசி எழுதுங்கள்" என்றால் எல்லாக் குழுவிலும் ஒரே காட்சிதான். கையெழுத்து அழகாக உள்ள ஒருத்தி எழுதுகிறாள். ஒருவன் புத்தகத்தைப் பார்த்து வரி சொல்கிறான். இன்னொருத்தி பார்டர் போட்டு கலர் அடிக்கிறாள். மற்ற நால்வருக்கும் வேலையே இல்லை. மறுநாள் தனித்தனியாகக் கேள்வி கேட்டால் எழுதியவளுக்கும் சொன்னவனுக்கும் மட்டும் பதில் தெரிகிறது. சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிடுகிறது. முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளின் பெற்றோர், "என் பிள்ளை ஏன் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுத வேண்டும்?" என்கிறார்கள். அதற்கும் என்னிடம் நேரான பதில் இல்லை.

கேட்க நினைப்பவை: குழுவில் எத்தனை பேர்? யாரை யாரோடு சேர்ப்பது? மதிப்பெண்ணை எப்படிப் போடுவது? அடுத்து நுண்ணுயிரிகள் பாடம் வருகிறது. அதை வைத்தே சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கரும்பலகை:

சிக்கல் பிள்ளைகளிடம் இல்லை, கொடுத்த வேலையில் இருக்கிறது. புத்தகத்திலிருந்து சார்ட் எழுத ஒரு ஆள் போதும். ஒரு ஆள் வேலையை ஏழு பேரிடம் கொடுத்தால் ஆறு பேர் சும்மா இருப்பது இயற்கை. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மன் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913இல் வெளியிட்ட முடிவும் இதுதான்: ஆள் கூடக் கூட, தலைக்கு இழுக்கும் விசை குறைந்துகொண்டே போகிறது. பெரியவர்களே அப்படி என்றால் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சனும் ராஜர் ஜான்சனும் கூட்டுக் கற்றலுக்கு ஐந்து கூறுகள் சொல்கிறார்கள். நம் வகுப்புகளில் பெரும்பாலும் விடுபடுவது முதல் இரண்டு. ஒன்று, மற்றவர் கையில் உள்ளது கிடைக்காமல் என் வேலை முடியக்கூடாது. இரண்டு, கடைசியில் நான் தனியாக எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். வேலையைத் தயாரித்ததும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: "வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இதைத் தனியாக உட்கார்ந்து முடித்துவிட முடியுமா?" முடியும் என்றால் அதைக் குழுவிடம் கொடுக்காதீர்கள், வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடலாம்.

எண்ணிக்கை: நால்வர். நான்கு என்றால் இரண்டு ஜோடி, யாரும் தனியாக நிற்க மாட்டார்கள். மூன்றில் இருவர் சேர்ந்துகொண்டு ஒருவரை ஒதுக்கிவிடுவார்கள். ஏழு பேர் என்பது பெயருக்குத்தான் ஒரு குழு. உள்ளே மூன்று குழு ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் 42 பேருக்குப் பத்துக் குழு: எட்டில் நால்வர், இரண்டில் ஐவர். பிரிக்கும் முறை இது. கடைசித் தேர்வு மதிப்பெண்படி 1 முதல் 42 வரை வரிசை எழுதுங்கள். குழுக்களுக்கு அ முதல் ஒ வரை பெயர். முதல் பத்துப் பேரை அ, ஆ, இ என்று ஒ வரை போடுங்கள். 11 முதல் 20 வரை திருப்பி, ஒவில் தொடங்கி அவில் முடியுங்கள். 21, 22 இருவரையும் தனியே வையுங்கள். 23 முதல் 32 வரை மறுபடி அவிலிருந்து, 33 முதல் 42 வரை ஒவிலிருந்து. இப்போது அ குழுவில் 1, 20, 23, 42. ஒ குழுவில் 10, 11, 32, 33. எந்தக் குழுவின் வரிசை எண்களைக் கூட்டினாலும் 86 வரும். ஒதுக்கி வைத்த இருவரும் நடுத்தரம் என்பதால் எந்த இரண்டு குழுவில் சேர்த்தாலும் சமநிலை கெடாது.

அதன் பிறகு கண்ணால் ஒருமுறை பாருங்கள். 23 பெண்களுக்கு 19 ஆண்கள் என்பதால் பெரும்பாலான குழுக்களை இரண்டுக்கு இரண்டு ஆக்கிவிடலாம். மூன்று ஆண்களுக்கு நடுவே ஒரே பெண், மூன்று பெண்களுக்கு நடுவே ஒரே ஆண் என்று வந்தால், அடுத்த வரிசை எண்காரரோடு மாற்றிவிடுங்கள். தனியாக மாட்டிக்கொள்ளும் பிள்ளை அந்தக் குழுவில் வாயே திறக்காது. பட்டியலைப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டாம், "இது எப்படிப் பிரித்தது" என்றும் விளக்க வேண்டாம். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை புதிதாகப் பிரியுங்கள். அதற்குமுன் எவ்வளவு சண்டை வந்தாலும் கலைக்காதீர்கள். சண்டை போட்டால் குழு மாறும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் வாரம் ஒரு சண்டை வரும்.

குழுத் தலைவர் என்று யாரையும் வைக்காதீர்கள். தலைவர் வந்துவிட்டால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள். வாசிப்பவர், எழுதுபவர், நேரம் பார்ப்பவர், சரிபார்ப்பவர் என்று நான்கு வேலை வையுங்கள், வாரா வாரம் சுழற்றுங்கள். இதில் முக்கியமானவர் சரிபார்ப்பவர். முடித்ததும் குழுவில் யாராவது ஒருவரைப் பார்த்து "நீ சொல்லு, ஏன் இந்தப் பதில்?" என்று கேட்பதுதான் அவர் வேலை. கேட்கப்பட்டவர் திணறினால் குழு இன்னும் முடிக்கவில்லை என்று பொருள்.

---

நுண்ணோக்கி:

நுண்ணுயிரிகள் பாடம் ஜிக்சாவுக்கு, அதாவது ஆளுக்கு ஒரு துண்டைப் படித்துத் தன் குழுவுக்குக் கற்பிக்கும் முறைக்கு, அருமையாகப் பொருந்தும். இதை வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன், 1971இல், டெக்சாஸின் ஆஸ்டின் நகரில். அதுவரை இனவாரியாகப் பிரிந்து படித்த பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்த காலம். கை தூக்கிப் போட்டி போடும் வகுப்பில் பகை வளர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் மற்றவர்களுக்குத் தேவையான ஒரு துண்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் கேட்டாக வேண்டிய நிலை வந்தது.

பாடத்தை நான்கு துண்டாக்குங்கள்: வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை, புரோட்டோசோவா. ஆல்காவை நீங்களே நடத்திவிடலாம். கரும்பலகை சொன்ன பத்துக் குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு. ஐவர் குழு இரண்டில், ஒன்றில் இருவருக்கு வைரஸ், மற்றதில் இருவருக்கு பாக்டீரியா. ஆக வைரஸுக்கு 11 பேர், பாக்டீரியாவுக்கு 11, பூஞ்சைக்கு 10, புரோட்டோசோவாவுக்கு 10. பத்துப் பேரை ஒன்றாக உட்கார வைத்தால் மறுபடி வேடிக்கைதான், அதனால் ஒவ்வொன்றையும் இரண்டாக உடையுங்கள். ஒரே துண்டைப் படிக்கும் ஐந்தாறு பேர் கொண்ட எட்டு நிபுணர் குழு கிடைக்கும்.

முதல் பீரியட். தாய்க்குழுவில் (முதலில் பிரித்த பத்துக் குழுவில் அவரவர் குழு) துண்டு பிரித்துக்கொள்ள 3 நிமிடம். தனியாக, பேசாமல் வாசிக்க 8 நிமிடம். நிபுணர் குழுவுக்கு மாற 3. பேச 16. இந்தப் பதினாறில் முதல் பத்து நிமிடம்தான் புத்தகம் திறந்திருக்கலாம், பிறகு மூடிவிட வேண்டும். இல்லையென்றால் புத்தக வரியை அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டு போய் மறுநாள் வாசித்துக் காட்டுவார்கள். அதற்குப் பெயர் கற்பித்தல் இல்லை. குறிப்பு ஐந்து வரி, ஒரு படம், அதற்கு மேல் கூடாது. கடைசி 10 நிமிடம், மறுநாள் கற்பிக்கப் போவதற்கான நுழைவுச் சீட்டு: ஆளுக்கு மூன்று கேள்வி, தனித்தனியாக எழுதித் தர வேண்டும். மீதி ஐந்து நிமிடம் இடம் மாறுவதிலும் அடக்குவதிலும் போய்விடும்.

நுழைவுச் சீட்டைத் தவிர்க்கவே கூடாது. ஒரு நிபுணர் தப்பாகப் புரிந்துகொண்டால் அந்தத் தப்பு நால்வருக்கும் போகும். பாக்டீரியா குழுவில் நிச்சயம் ஒருவராவது "பாக்டீரியா எல்லாமே நோய் கொடுக்கும்" என்று எழுதியிருப்பார். பாலைத் தயிராக்குவது யார் என்று கேட்டுத் திருத்திவிட்டு அனுப்புங்கள். 42 சீட்டையும் அன்று மாலையே பார்த்துவிட வேண்டும். மூன்றே கேள்வி என்பதால் அரை மணி நேரத்தில் முடியும்.

இரண்டாம் பீரியட். தாய்க்குழுவில் ஆளுக்கு 5 நிமிடம், நால்வருக்கு 20. அடுத்து 10 நிமிடம், நால்வர் அறிவையும் சேர்த்தால்தான் முடியக்கூடிய ஒரு கணக்கு. பெரும்பாலோர் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் ஜிக்சா என்பது நான்கு குட்டி லெக்சராக முடிந்துவிடும். இந்தப் பாடத்துக்கு இப்படிக் கொடுக்கலாம்: ஒரு மருத்துவமனைக்கு நான்கு பேர் வருகிறார்கள். ஒருவருக்குச் சளிக் காய்ச்சல், ஒருவருக்கு டைபாய்டு, ஒருவருக்குப் படர்தாமரை, ஒருவருக்கு மலேரியா. கடையில் ஆன்டிபயாட்டிக் மட்டும் இருக்கிறது. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுத்தால் வீண்? ஏன்?

டைபாய்டுக்கு மட்டும்தான் என்று வர வேண்டும். அங்கே போய்ச் சேரும் வழியில்தான் பாடம் முழுவதும் கிடக்கிறது. பல குழுக்களில் பூஞ்சை நிபுணர், "பெனிசிலின் பூஞ்சையிலிருந்துதானே வந்தது, அப்போ படர்தாமரைக்கும் கேட்கும்" என்பார். பாக்டீரியா நிபுணர் குறுக்கிட்டு, அந்த மருந்து பாக்டீரியாவின் செல்சுவரைக் கெடுக்கும், பூஞ்சையின் செல்சுவர் வேறு பொருளால் ஆனது என்று சொல்ல வேண்டும். அந்தத் தகவல் இரண்டு பேர் குறிப்பிலும் பாதிப் பாதியாக இருக்கும்படி வாசிப்புத் தாளை நீங்கள் தயாரிக்க வேண்டும். பாடநூல் தானாக அப்படிப் பிரிந்திருக்காது. வைரஸுக்குச் செல்சுவரே இல்லை என்பது வைரஸ் நிபுணர் கையில் இருக்கட்டும்.

கடைசி 10 நிமிடம் தனித்தேர்வு, எட்டுக் கேள்வி, துண்டுக்கு இரண்டு. யாரிடமும் கேட்கக் கூடாது.

---

சுண்ணக்கட்டி:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். இரண்டாம் நாள் பூஞ்சைக்காரர் வரவில்லை என்றால் அந்தக் குழு என்ன செய்யும்? இன்னொன்று, எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு துண்டைக் கொடுத்தால் மற்ற மூவரும் பாதிக்கப்படுவார்களே?

---

நுண்ணோக்கி:

வராதவர் விஷயம் எளிது. பூஞ்சைக்கான ஐந்து நிமிடம் வரும்போது அந்தக் குழுவின் மூவரும் அடுத்த குழுவில் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்காக எல்லாக் குழுவும் ஒரே வரிசையில் நடத்த வேண்டும்: முதலில் வைரஸ், பிறகு பாக்டீரியா, பூஞ்சை, புரோட்டோசோவா. வரிசையைக் கரும்பலகையில் எழுதி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடியுங்கள். நான்கு பேருக்கு மேல் விடுப்பில் இருக்கும் நாளில் ஜிக்சாவைத் தள்ளிப்போடுவது நல்லது. மழைக்காலத்திலும் உள்ளூர்த் திருவிழா வாரத்திலும் திட்டமிடவே வேண்டாம்.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குச் சின்னத் துண்டு, எளிய துண்டு என்று கொடுத்துவிடாதீர்கள். மற்றவர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதன்பின் அவன் சொல்வதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். ஸ்டான்ஃபோர்டின் எலிசபெத் கோஹன் விரிவாக ஆராய்ந்தது இந்தச் சிக்கலைத்தான். குழுவில் யார் பேச்சு எடுபடும் என்பதை, அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் இருக்கும் மதிப்புதான் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. சரியான பதிலைச் சொன்னாலும் "உனக்கென்ன தெரியும்" என்று தள்ளிவிடுவார்கள்.

செய்யக்கூடியது இரண்டு. துண்டு கொடுப்பதற்கு முந்திய நாளே அந்த ஆறு பேரையும் கூப்பிட்டு, பத்து நிமிடம் வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்து, ஒருமுறை திருப்பிச் சொல்ல வையுங்கள். வாசிப்பில் இடறினாலும் விஷயம் கையில் இருக்கும். அடுத்து, அவர்கள் துண்டில் வாசிப்பைத் தவிர வேறு திறனும் தேவைப்படட்டும்: ரொட்டித் துண்டில் பிடித்த பூஞ்சையைக் கைலென்ஸில் பார்த்து வரைவது (மூடிய பிளாஸ்டிக் பைக்குள்ளேயே, திறக்கக் கூடாது), களிமண்ணில் அமீபா செய்து பொய்க்கால் நீட்டிக் காட்டுவது. அவர்கள் சரியாகச் செய்ததும் குழுவின் முன்னால், பெயர் சொல்லி, எது நன்றாக இருந்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "வெரி குட்" என்பதோடு நிறுத்தினால் பயனில்லை. "இழைகள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதை இவன் மட்டும்தான் வரைந்திருக்கிறான், எல்லாரும் பாருங்க" என்றால் அடுத்த முறை அவன் பேச்சைக் கேட்பார்கள். பொய்யாகப் பாராட்டினால் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும், நிலைமை முன்பைவிட மோசமாகும்.

---

தராசு:

மதிப்பெண் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். குழுவுக்கு ஒரே மதிப்பெண் போட்டு அதை நால்வர் கணக்கிலும் ஏற்றுவதுதான் பெற்றோர் கோபத்துக்கு வேர். அந்தக் கோபம் நியாயமானதும்கூட. வளரறி மதிப்பீட்டுப் பதிவேட்டில் ஏறுவது அந்தப் பிள்ளை தனியாக எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். குழுவுக்குத் தருவது பாராட்டு மட்டும்.

ஆனால் குழு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஒரு காரணம் வேண்டுமே? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸ்லாவின் வகுத்த முறையில் இதற்கு நல்ல வழி உண்டு. அவரவர் பழைய சராசரியோடு மட்டும் ஒப்பிட்டு முன்னேற்றப் புள்ளி தருவது. முந்தைய சராசரியைவிட 10க்கு மேல் குறைந்தால் 5 புள்ளி. 1 முதல் 10 வரை குறைந்தால் 10. சராசரியைத் தொட்டாலோ 10 வரை கூடினாலோ 20. 10க்கு மேல் கூடினால் 30. நூற்றுக்கு நூறு வாங்கினால் எந்தச் சராசரிக்காரருக்கும் 30.

ஒரு குழுவில் பழைய சராசரி 92, 71, 48, 25. இந்தத் தேர்வில் 90, 78, 60, 38 என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 2 குறைந்தார், 10 புள்ளி. அடுத்தவர் 7 கூடினார், 20. மூன்றாமவர் 12 கூடினார், 30. நான்காமவர் 13 கூடினார், 30. மொத்தம் 90, தலைக்கு 22.5. குழுவுக்கு அதிகப் புள்ளி கொண்டுவந்தவர்களில் ஒருவர் 38 மதிப்பெண்காரர்! "இவனை எங்கள் குழுவில் போட்டுவிட்டீர்களே" என்ற பேச்சு இதில் தானாக அடங்கும், ஏனென்றால் அவனிடம்தான் ஏறுவதற்கு இடம் அதிகம். ஐவர் குழுவும் நால்வர் குழுவும் சமமாக நிற்க, மொத்தத்தைப் பார்க்காமல் சராசரியைப் பாருங்கள். 15, 20, 25 என்று மூன்று படி வைத்து, தொட்ட எல்லாக் குழுவின் பெயரையும் பலகையில் எழுதுங்கள். முதல் பரிசு ஒருவருக்கே என்று ஆக்கினால் குழுக்களுக்குள் போட்டி வந்து, பக்கத்துக் குழுவுக்கு விளக்கம் சொல்ல மறுப்பார்கள்.

சறுக்கும் இடங்கள்: சராசரியை மூன்று தேர்வாவது வைத்து எடுங்கள், ஒரே தேர்வை வைத்தால், அன்று காய்ச்சலில் எழுதியவனுக்கு அடுத்த முறை சும்மாவே 30 கிடைக்கும். பருவத்துக்கு இருமுறை சராசரியைப் புதுப்பியுங்கள். தேர்வுத்தாள் கடினம் ஏறி இறங்கினால் புள்ளிக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

முதல் மதிப்பெண் பெற்றோருக்குப் பதில்: கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நோரீன் வெப் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது, குழுவில் காரணத்தோடு விளக்கம் சொல்லும் பிள்ளைக்கு அதிலிருந்தே கற்றல் கூடுகிறது, வெறும் விடையை மட்டும் வாங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு அது உதவுவதில்லை. "உங்கள் பிள்ளையின் மதிப்பெண் அவள் எழுதியதற்கு மட்டும்தான்" என்பதைப் பதிவேட்டைக் காட்டிச் சொல்லுங்கள். அதே நேரம், அந்தப் பிள்ளையை ஆண்டு முழுக்க உதவி ஆசிரியராகவே வைத்துவிடாதீர்கள். குழு வேலையில் அவளும் யோசித்தால்தான் நகரும் என்ற அளவுக்குக் கடினமான ஒரு கேள்வி இருக்க வேண்டும். நுண்ணோக்கி சொன்ன நான்கு நோயாளிகள் கணக்கு அப்படிப்பட்டது.

---

கால் அரை முக்கால்:

வெப் பற்றித் தராசு சொன்னதற்குக் கணிதத்திலிருந்து ஒரு உதாரணம். "உதவி செய்யுங்க" என்றால் பிள்ளைகள் நோட்டை நீட்டிவிடுவார்கள், அவர்களுக்குத் தெரிந்த உதவி அதுதான். அதனால் உதவி என்றால் எது என்று முதலில் பழக்க வேண்டும். விதி ஒன்றே: விடையைச் சொல்லாதே, பேனாவைத் தொடாதே, கேள்வி கேள்.

மூன்றில் இரண்டையும் நான்கில் மூன்றையும் கூட்டச் சொன்னால் ஒருவன் மேலே மேலே, கீழே கீழே கூட்டி ஏழில் ஐந்து என்று எழுதுவான். பக்கத்தில் இருப்பவளுக்கு "பன்னிரண்டில் பதினேழு, எழுதிக்கோ" என்று சொல்லத் தோன்றும். அதற்குப் பதில்:

"மூணுல ரெண்டு, பாதிக்கு மேலயா கீழயா?"
"மேல."
"முக்கால்?"
"அதுவும் மேல."
"பாதிக்கு மேல ரெண்டு சேர்ந்தா ஒண்ணைத் தாண்டணும்ல? உன் விடை தாண்டுதா?"

இங்கே அவன் நின்று யோசிப்பான். இதற்கப்புறம் பொதுப்பகுதி பற்றிப் பேசினால் ஏறும். இந்த உரையாடலை முதலில் நீங்கள் ஒரு பிள்ளையோடு வகுப்பின் முன் நடத்திக் காட்டுங்கள், ஐந்து நிமிடம். தப்பான உதவியையும் நடத்திக் காட்டி, எது நல்ல உதவி, ஏன் என்று பிள்ளைகளையே சொல்ல வையுங்கள்.

கணக்குக்கு நால்வரைவிட ஜோடி நல்லது. ஒருவர் வாயால் படிகளைச் சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். சொல்பவர் பேனா பிடிக்கக் கூடாது. எழுதுபவர் தன் யோசனையை எழுதக் கூடாது, சொன்னதை மட்டும், தப்பென்று பட்டால் "ஏன்?" என்று கேட்கலாம். ஒரு கணக்கு முடிந்ததும் மாறிக்கொள்ள வேண்டும். இரண்டு கணக்கு முடிந்ததும் எதிர் ஜோடியோடு விடையை ஒப்பிட வேண்டும். கணக்குத்தாளை ஆளுக்கு ஒன்று கொடுக்காதீர்கள், ஜோடிக்கு ஒன்று. ஆளுக்கு ஒன்று இருந்தால் ஆளாளுக்குத் தனியாகப் போட ஆரம்பித்துவிடுவார்கள். நகல் எடுக்கும் செலவும் பாதி.

---

திண்ணை:

இதெல்லாம் அமெரிக்காவில் இருந்து வந்ததாகவே பேசுகிறோம். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளைதான் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். எழும்பூரில் இருந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதியில், பிள்ளைகளே பிள்ளைகளுக்கு மணலில் எழுதிக் கற்பிக்கும் முறையை நடத்திய ஆண்ட்ரூ பெல், 1797இல் அதை இங்கிலாந்தில் புத்தகமாக்கினார். மெட்ராஸ் முறை என்றே அதற்குப் பெயர். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் வந்த செயல்வழிக் கற்றலில் 'சக மாணவர் துணைக் குழு' என்று வைத்ததும் நினைவிருக்கும். நமக்கு இது புதிது இல்லை என்று பிள்ளைகளுக்கும் தலைமையாசிரியருக்கும் சொல்லலாம்.

---

கரும்பலகை:

சொல்லலாம், ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். சட்டாம்பிள்ளை முறையில் அறிவு மேலிருந்து கீழே மட்டும் போகிறது. தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் பலர், கையில் பிரம்பும் உண்டு. ஜிக்சாவில் 42ஆம் வரிசைக்காரர் சொல்வதை முதல் வரிசைக்காரர் கேட்டுத்தான் ஆக வேண்டும், அவரிடம் அந்தத் துண்டு இல்லை. 'குழுத் தலைவர்' என்று நாம் வைப்பதெல்லாம் பழைய சட்டாம்பிள்ளையைப் புதுப் பெயரில் கொண்டுவருவதாகவே முடிகிறது. முதல் பதிலில் தலைவர் வேண்டாம் என்றது இதனால்தான்.

செயல்வழிக் கற்றலில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: பிள்ளை எந்த நிலையில் நிற்கிறதோ அதற்கேற்ற துணை. ஆசிரியர் முழுத் துணை வேண்டியவர்களிடம் நீங்கள் உட்காருங்கள், மற்றக் குழுக்கள் தாமாக ஓடட்டும். குழு வேலை நடக்கும்போது ஆசிரியர் நோட்டுத் திருத்திக்கொண்டு மேசையில் இருந்தால் முழுதும் வீண்.

---

கோடை இடி:

இருக்கையும் சத்தமும். இணைந்த பெஞ்சுக்கு: 1, 3, 5 என ஒற்றை வரிசைக்காரர்கள் எழுந்து, தங்கள் பெஞ்சிலேயே காலை மறுபக்கம் போட்டுப் பின்னால் திரும்ப வேண்டும். சாய்மானம் இல்லாத பெஞ்சு என்றால் இப்படி ஒரு டெஸ்க்கைச் சுற்றி நால்வர் கிடைப்பார்கள், இடம் போதாத குழுக்கள் மட்டும் தரையில். சாய்மானம் இருந்தால் தரையும் வராந்தாவும்தான். பாதிக் குழுக்களைத் தரைக்கு அனுப்புங்கள். இடம் மாறுவதை மட்டும் பாடம் இல்லாமல் இரண்டு முறை பழக்குங்கள். முதல் முறை நான்கு நிமிடம் ஆகும், பழகினால் ஒன்றரை.

சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் தூரம். எதிரில் இருப்பவரின் தலை நான்கடி தள்ளி இருந்தால் குரலை உயர்த்தியே ஆக வேண்டும், அதைக் கேட்டுப் பக்கத்துக் குழுவும் உயர்த்தும். தலைகளை நெருக்கி, நடுவில் ஒரே தாள் வைத்தால் குரல் தானாக இறங்கும். நிறுத்துவதற்குக் கத்தாதீர்கள். கையைத் தூக்குங்கள், பார்த்தவர்களும் தூக்க வேண்டும், பத்து விநாடியில் எல்லாக் கையும் மேலே வர வேண்டும். எல்லாரும் அடங்கும்வரை அடுத்த வார்த்தை பேசாதீர்கள். பாதிப் பேர் பேசும்போதே அறிவிப்பைத் தொடங்கினால் அந்தக் கைக்கு மதிப்பு போய்விடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்" என்று ஒருநாளும் விடாதீர்கள். விட்டால் ஊரில் எந்தத் தெருக்காரர் எந்தத் தெருக்காரரோடு பழகுவாரோ, அதே பிரிவு உங்கள் வகுப்புக்குள் வந்து உட்காரும். மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அரசிடம் கொடுத்த அறிக்கையில் பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான். மேலே சொன்ன 86 கணக்கும் அதே வேலையைச் செய்யும், பிரித்தது ஆசிரியர், யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால். "அவனோடு உட்கார மாட்டேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் வகுப்பின் நடுவில் வாதாடாதீர்கள், தனியே கூப்பிட்டுப் பேசுங்கள், ஆனால் குழுவை மாற்றாதீர்கள். அன்று மாற்றிக் கொடுத்தால் யாருக்கு எதிராக மாற்றினீர்கள் என்பது எல்லாப் பிள்ளைக்கும் புரியும். ஆரன்சன் ஆஸ்டினில் தொடங்கியது எதற்காக என்று நுண்ணோக்கி எழுதியதை இங்கே இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

---

சுண்ணக்கட்டி:

எல்லாருக்கும் நன்றி. அப்படியானால் வரும் திங்கள் குழுப் பிரித்து, செவ்வாய் ஜிக்சா முதல் பீரியட் என்று வைத்துக்கொள்ளலாமா?

---

கரும்பலகை:

வேண்டாம், இரண்டு வாரம் பொறுங்கள். சேர்ந்து வேலை செய்து பழகாத பிள்ளைகளிடம் நேராக ஜிக்சாவைக் கொடுத்தால் குழம்பிப்போகும், "இதெல்லாம் நமக்குச் சரிவராது" என்று நீங்களே விட்டுவிடுவீர்கள்.

முதல் வாரம் யாரையும் எழுப்பாமல், பக்கத்தில் இருப்பவரோடு ஜோடி மட்டும். மூவர் பெஞ்சு என்பதால் ஓரத்தில் மிஞ்சுபவர் பின்பெஞ்சின் ஓரத்தவரோடு சேரட்டும். பாடம் நடத்தும்போதே 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கேள்வி. ஒரு நிமிடம் பேசாமல் தனியாக யோசித்து நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும், இரண்டு நிமிடம் ஜோடியோடு பேச வேண்டும், பிறகு நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உன் ஜோடி என்ன சொன்னாள்?" என்று கேட்க வேண்டும். மேரிலாண்டில் ஃபிராங்க் லைமன் 1981இல் எழுதிய முறை இது. தன் பதிலைக் கேட்காமல் ஜோடியின் பதிலைக் கேட்டால்தான் காது கொடுத்துக் கேட்பார்கள். தனியாக யோசிக்கும் அந்த ஒரு நிமிடத்தை அவசரத்தில் விழுங்கிவிடாதீர்கள். விழுங்கினால் வேகமாகப் பேசும் பிள்ளை சொன்னதே இருவர் பதிலாகிவிடும்.

இரண்டாம் வாரம் திங்கள் குழுப் பிரித்து, நால்வருக்கும் 1, 2, 3, 4 என்று எண் கொடுங்கள். ஐவர் குழுவில் இருவருக்கு 4. கேள்வி கேட்டு, மூன்று நிமிடம் தலைகூடிப் பேசவிட்டு, டப்பாவில் இருந்து ஒரு எண் சீட்டு எடுங்கள். 3 வந்தால் பத்துக் குழுவின் 3ஆம் எண்காரர்களும் எழுந்து சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். எண்ணைப் பேச்சு முடிந்த பிறகே எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் மற்ற மூவரும் அந்த நிமிடமே ஓய்வுக்குப் போய்விடுவார்கள். ஒரு குழுவை மட்டும் கேட்டால் மீதி ஒன்பது குழுவும் அப்படியே. எடுத்த சீட்டை மறுபடி டப்பாவிலேயே போடுங்கள், இல்லையென்றால் ஒருமுறை எழுந்தவர் "என் முறை முடிந்தது" என்று உட்கார்ந்துவிடுவார்.

அந்த வாரம் ஒவ்வொரு நாளும் கடைசி மூன்று நிமிடத்தில் குழுவாக ஒரு வரி எழுதித் தரட்டும்: இன்று நம் குழுவில் யார் பேசவே இல்லை, நாளை அவரைப் பேசவைக்க என்ன செய்வோம். வெள்ளிக்கிழமை அந்தத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்தக் குழுவில் ஒரே பெயர் நான்கு நாளும் வருகிறது என்று தெரியும். மூன்றாம் வாரம் ஜிக்சா தொடங்கும்போது, முந்திய நாளே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கும் அந்த ஆறு பேரோடு இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.